ஓராள் வண்டி

பிப்ரவரி 26

வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே? மாடு கன்னு எல்லாம் எப்படி இருக்குது?

இதைப் படிக்கப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஒருவரைப் பார்த்து நலம் விசாரிக்காமல் எனக்குப் பேச்சு ஆரம்பிக்க வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வேண்டும். பேச்சு மட்டும் நன்றாக வரும். இப்போது வீட்டில் பேச ஆள் இல்லாததால், உரக்கடையில் கொடுத்த இந்த டைரியோடு பேசுகிறேன்.

என் பெயர் கிட்டுசாமி. அன்னூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். நசுங்கின காரை நிமிர்த்துவது தொழில். ஒருமுறை எருமை ஒன்று காரின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். நம்புவீர்களா? கூரையில் எருமையின் வயிறு அப்படியே பதிந்திருந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

பொங்கல் கழிந்ததிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை. என் மகள் கோகிலவாணி திருப்பூர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு பையனோடு பழக்கம் என்று பேச்சு வந்தது. நம் ஆட்கள் இல்லை. எங்கள் அண்ணன் நாச்சிமுத்து காரை எடுத்துக்கொண்டு போய் அவளை அழைத்துவந்துவிட்டார். அவளுடைய செல்போன் அண்ணன் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. எங்கள் கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு. சாவி அண்ணனின் அரைஞாண் கயிற்றில். பாதுகாப்புக்குத்தான்.

"பட்டறைக்குப் போவாத. ஊட்டுலயே இருந்து புள்ளையப் பாத்துக்க" என்றார் அண்ணன்.

"சரிங்ணா" என்றேன்.

என் வீட்டுக்காரி துளசிமணி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவாள். தட்டு எழுப்புகிற சத்தத்தை வைத்து நான் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டு ஓட்டல்காரர் சபாபதி வந்தார். அண்ணன் கூடவே வந்து கேட்டைத் திறந்துவிட்டார். சபாபதி ஒரு படத்தை நீட்டினார். எங்கள் அப்பா காலத்து ரேஸ் கார். சுருட்டு மாதிரி நீளம். நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே நிற்கின்றன. நடுவில் ஓர் ஆள் உட்காரக் குழி. கதவும் இல்லை, கூரையும் இல்லை.

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க கிட்டு. ஓட்டல் வாசல்ல நிக்கணும். எஞ்சின் எல்லாம் வேண்டாம். வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாச் சரி."

"ஊட்டுலயே செய்யட்டுமுங்க. அவனுக்கும் பொழுது போவும்" என்று அண்ணனே பதில் சொல்லிவிட்டார்.

மார்ச் 4

படத்தை வைத்து அளவு எடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். படத்தில் சக்கரம் ஒரு விரல்கடை அகலம். உண்மையான சக்கரம் எவ்வளவு என்று சபாபதி எழுதிக்கொண்டுவந்திருக்கிறார். அப்புறம் எல்லாமே சக்கரக் கணக்குதான். மூக்கிலிருந்து வால்வரை இத்தனை சக்கரம், உயரம் இத்தனை சக்கரம். மாட்டுக் கொட்டகைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவுக்கு வரைந்துவிட்டேன். மாட்டை வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டினேன். அது என்னைப் பார்த்த பார்வை துளசிமணியின் பார்வை போலவே இருந்தது.

மார்ச் 11

பழைய மாருதி எஞ்சின் ஒன்று கிடைத்தது. போனில் சொல்லிக் கொட்டகைக்கே வரவழைத்துவிட்டேன். பின்னால் அதன் அச்சையும் கியர் பெட்டியையும் சேர்த்துக் குழாயில் சட்டம் அடிக்கிறேன்.

"எஞ்சின் வேண்டாம்னாரேடா?" என்றார் அண்ணன்.

"வெறும் ஓடா இருந்தா வாலத் தூக்கிக்கிட்டு நிக்குமுங்ணா. பின்னால கனம் வேணும்."

கனத்துக்கு ஒரு மூட்டை மணலே போதும். அண்ணன் விவசாயி, அவருக்குத் தெரியாது.

மார்ச் 19

இன்றைக்கு உட்காருகிற குழி. மற்றக் கார்களில் சீட்டை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். இந்த மாதிரி வண்டியில் ஓட்டுகிறவரின் உடம்புக்கு அளவெடுத்துத்தான் சீட் அடிக்க வேண்டும். ஈரமண்ணைக் கோணிப்பையில் நிரப்பி, அதன் மேல் ஆளை உட்காரவைத்து, பதிந்த பதிவுக்குத் தகட்டை அடிப்பது என் வழி.

எனக்குத் தொப்பை. துளசிமணியைக் கூப்பிட முடியாது. வேறு ஆள் இல்லாததால் கோகிலத்தைக் கூப்பிட்டேன். அறையை விட்டு அவள் கொட்டகைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மெலிந்திருந்தாள். கோணிப்பையின் மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"பெடல் எங்கிங்ப்பா வரும்?"

"உன்ற கால் எட்ற எடத்துல."

"அப்ப இந்த வண்டிய நான் மட்டுந்தான் ஓட்ட முடியும்."

"யாரும் ஓட்டப் போறதில்ல அம்மிணி. ஓட்டல் வாசல்ல நிக்கப் போவுது."

நான் அவள் முதுகைச் சுற்றிக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் பட்டறையில் வண்டிகளை இடம் மாற்றி நிறுத்துவது அவள்தான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையாது, அப்படி நிறுத்துவாள்.

"அப்பா, உங்ககிட்ட கேஸ் கட்டர் இருக்குதல்ல?"

"இருக்குது."

"கேட்டுப் பூட்ட அறுக்க எவ்வளவு நேரமாவும்?"

நான் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேஸ் தீந்துபோச்சு அம்மிணி" என்றேன்.

"சரிங்ப்பா" என்றாள். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதிவு நன்றாக வந்தது.

மார்ச் 20

கேஸ் சிலிண்டர் நிரப்பி வந்தது. இன்றைக்கு வேலை எதுவும் ஓடவில்லை.

ஏப்ரல் 2

மாப்பிள்ளை வந்திருந்தார். அண்ணி வழியில் ஒறம்பரை, தூரத்துச் சொந்தம். தறி ஓட்டுகிறார்கள். பையன் மோசமில்லை. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" சொன்னார். கோகிலம் காபி கொண்டுபோய் வைத்தாள். அவர் செல்போனைப் பார்த்தார், அவள் சுவரைப் பார்த்தாள். அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்குது" என்றார்.

பிறகு கொட்டகைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார் மாப்பிள்ளை.

"மைலேஜ் என்னங்க குடுக்கும்?"

"இது ரேஸ் வண்டிங்க மாப்ள."

"அதாங்க, எவ்வளவு குடுக்கும்?"

வைகாசியில் கல்யாணம். மே மாதம் இருபத்திரண்டாம் தேதி முகூர்த்தக்கால். அது நட்டுவிட்டால் பெண் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது மட்டும் எங்கே போகிறாளாம்.

ஏப்ரல் 9

அண்ணன் இந்த டைரியைப் பார்த்துவிட்டார். கொட்டகைப் பலகையில் கிடந்ததை எடுத்து, சக்கரக் கணக்கு எழுதின பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தார். மாட்டின் பார்வை வந்த இடத்தில் சிரித்தார்.

"வண்டியப் பத்தித்தான் எழுதறயா? எழுது எழுது."

நல்லவேளை, அடுத்த பக்கங்களைப் புரட்டவில்லை. இனிமேல் வண்டியைப் பற்றித்தான் எழுதுவேன்.

ஏப்ரல் 15

மூக்கு. மொத்த வண்டியிலும் கஷ்டமான இடம் இதுதான். அலுமினியத் தகட்டை மணல்மூட்டையில் வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியலால், தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் கிழியும். பயந்து அடித்தால் வளையாது. ஒரே இடத்தில் அடித்தால் கொப்பளம் கிளம்பும். நாள் முழுவதும் தட்டி, மாலையில் பார்த்தால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. திரும்பவும் தட்டினேன். உள்ளே வெற்றிடமாக நல்ல ஆழம். ஒரு சின்னக் கதவு வைத்தேன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற.

தட்டுகிற சத்தம் நின்றால் ஜன்னலில் கோகிலம் வந்து நிற்கிறாள். சத்தம் கேட்டால் போய்விடுகிறாள். நேற்று வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிறுத்தினேன்.

ஏப்ரல் 23

செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட்டேன். வைக்க இடம் பற்றவில்லை. சட்டத்தில் இடிக்கிறது. அதனால் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓட்டல் வாசலில் நிற்கிற வண்டிக்கு ஸ்டார்ட் எதற்கு?

ஏப்ரல் 24

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சட்டத்தை இரண்டு விரல் தள்ளி அடித்திருந்தால் இடம் இருந்திருக்கும். அவசரத்தில் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 30

ரிவர்ஸ் விழவில்லை. கம்பி நீளம் போதவில்லை. கோகிலத்திடம் சொன்னேன்.

"வேண்டாங்ப்பா" என்றாள்.

மே 8

பெயின்ட். படத்தில் பச்சை. சபாபதி சிவப்புதான் வேண்டும் என்றார், போட்டோவில் எடுப்பாகத் தெரியுமாம். அண்ணன் மஞ்சள் அடி, மங்களமாக இருக்கும் என்றார். இப்படித்தான் எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளாளுக்கு யோசனை கேட்டு, கடைசியில் நாலு சுவருக்கும் நாலு நிறம் அடித்தார். மருமகள் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள். சரி, அது எதற்கு? சிவப்புதான் அடித்தேன்.

மே 16

அண்ணன் மகன் நவநீதன் தான்தான் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி குழிக்குள் இறங்கினான். ஆறடி ஆள். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, மேலேயும் வரவில்லை.

"சித்தப்பா, இழுங்க சித்தப்பா!"

"ஆட்டாதடா, தகடு நெளியும்."

"என்ற காலு போவுது, உங்களுக்குத் தகடு பெருசாப் போச்சா!"

அண்ணன் ஒரு கையும் நான் ஒரு கையுமாகப் பிடித்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி இழுத்தோம். அப்போது ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோகிலத்தின் சிரிப்பு. அண்ணனும் கேட்டார். "சிரிக்கறா பாரு. எல்லாஞ் செரியாப் போயிருச்சு" என்றார் என்னிடம், ரொம்பச் சந்தோஷமாக. எங்கள் அண்ணன் கெட்டவர் இல்லை. நான் சின்னவனாக இருந்தபோது அம்மை போட்டுக் கிடந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலை வீசினவர் அவர்தான். அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் என் வாயில் வந்ததே இல்லை. வரவும் வராது.

மே 19

நாளை மறுநாள் சபாபதியின் லாரி வருகிறது.

"பூசை போடாம வண்டி நம்ம வாசலத் தாண்டப்பிடாது" என்றார் அண்ணன். "எலுமிச்சம்பழத்து மேல ஏறி, புள்ளையார் கோயில மூணு சுத்துச் சுத்தி, அப்பறந்தான் லாரி."

"தள்ளிக்கிட்டே போயிரலாமுங்ணா."

"ஏன்டா, பொணத்தையா கொண்டு போறோம்? ஊரே வந்து நிக்கும். ஓட்டல்காரரு வேற வர்றாரு. ஓடற வண்டின்னு நீதான சொன்ன?"

"ஓடுமுங்ணா. ஆனா நீங்களும் நானும் உள்ள போவ முடியாது. நவநீதன் பட்ட பாட்டப் பாத்தீங்கல்ல."

அண்ணன் வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் துணியால் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"புள்ளையே ஓட்டட்டும்" என்றார் கடைசியில். "முகூர்த்தக்காலு இருவத்தி ரெண்டு. அதுக்கு மொத நாள்தான, ஒண்ணுமில்ல. கோயிலு கூப்படற தூரம். முன்னாலயும் பின்னாலயும் நம்மாளுக நிப்போம். கட்டிக் குடுக்கப் போற புள்ள, சாமியக் கும்புட்ட மாதிரியும் ஆச்சு."

"நீங்க சொன்னாச் செரிங்ணா."

மே 20

காலையில் பார்த்தால் வண்டியின் முன்பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருக்கிறது. ஸ்பிரிங்கைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. மூக்குக் கதவைத் திறக்கப் போனபோது துளசிமணி வந்து நின்றாள். கையில் சாணி வாளி. என்னையே பார்த்தாள். நான் கதவைத் திறக்காமல் சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினேன். காலியாக இருந்தால் துருப்பிடிக்கும்.

மே 21

காலையில் பூசை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மூக்கில் சம்பங்கி மாலை. கோகிலம் மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். குழியில் இறங்க முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அண்ணன் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார். இரண்டு பக்கக் கதவையும் அகலமாகத் திறந்தார். தெருவில் ஊரே நின்றது.

நான் குனிந்து அவள் காதில் சொன்னேன், "ரெண்டாங் கியர்ல போட்டுக்க. வேகம் வந்ததும் கிளட்ச விடு."

"தெரியுமுங்ப்பா."

"பிரேக் கொஞ்சம் அழுத்தமா இருக்கும்."

"செரிங்ப்பா."

"பாத்து" என்றேன்.

"ம், தள்ளுங்கடா!" என்றார் அண்ணன். பங்காளிகள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். சட்டையில் கரிபடும் என்று நவநீதன் சட்டையைக் கழற்றி எங்கள் கேட்டில் மாட்டினான். அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாலில் கை வைத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் கேட்டது. வண்டி வாசலைத் தாண்டி, இறக்கத்தில் வேகம் பிடித்து, ஒரு குலுக்கு குலுக்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

முதல் சுற்று மெதுவாக வந்தாள். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டாவது சுற்றில் சபாபதி போட்டோ எடுத்தார். "அய்யோ, அப்படியே அச்சா இருக்குது கிட்டு" என்றார். கோகிலம் முகம் தெரியவில்லை, தலை மட்டும் குழிக்கு வெளியே தெரிந்தது. மூன்றாவது சுற்றுக்குக் கோயிலின் பின்பக்கம் திரும்பினாள். அண்ணன் உள்ளங்கையில் தேங்காய், அதன் மேல் எரிகிற கற்பூரம். வண்டி வருகிற மூலையைப் பார்த்துத் தயாராக நின்றார். சுற்றி முடித்ததும் முன்னால் உடைக்க வேண்டும்.

கோயிலுக்குப் பின்னால் சத்தம் மாறியது. மூன்றாவது கியர். கோயிலைச் சுற்ற மூன்றாவது கியர் வேண்டியதில்லை. அங்கே நின்றவர்களில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு நான்காவது. சத்தம் தார்ரோட்டுப் பக்கமாக மெலிந்துகொண்டே போனது.

"ஏன்டா, இன்னுங் காணம்?" என்றார் அண்ணன், மூலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வருமுங்ணா. பழைய எஞ்சினு, சித்த சூடாயிருக்கும்."

கற்பூரம் விரலைச் சுட்டது. "ஸ்ஸ்" என்று உதறினார். தேங்காய் கீழே விழுந்து, உடையாமல் உருண்டு போனது. அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. நவநீதன் பைக்கை எடுக்க ஓடினான். பைக் சாவி சட்டைப் பையில். சட்டை எங்கள் கேட்டில். திரும்பி ஓடினான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவரோ சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

மே 22

முகூர்த்தக்கால் நடவில்லை. வெட்டிவந்த பால்மரக் கொம்பு வாசலில் சாத்தியபடியே இருக்கிறது.

நேற்றுச் சாயந்தரம் மகளிர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மா பேசினார். "உங்க பொண்ணு இங்க பத்திரமா இருக்கா. வயசு வந்த பொண்ணு. ஊட்டுக்கு வரமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கா. அந்தப் பையனும் அவங்க அப்பா அம்மாவும் வந்திருக்காங்க. நாளைக்குப் பகல்ல ரெஜிஸ்டர் ஆபீஸ். பெத்தவங்க நீங்க வந்தா புள்ளைக்கு ஆறுதலா இருக்கும்." பிறகு, "சார், இந்த வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்றது? வாசல அடைச்சுக்கிட்டு நிக்குது. கூட்டம் வேற, போட்டோ எடுக்கறாங்க" என்றார்.

இன்று விடிந்ததும் அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"நீ தெரிஞ்சு செஞ்சயா, தெரியாமச் செஞ்சயா?"

"வண்டிதாங்ணா செஞ்சேன்."

"அங்க போனயின்னா அண்ணன் தம்பி இல்ல. பாத்துக்க."

பூட்டை மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது உள்ளே நானும் துளசிமணியும் மாடும்தான். பூட்டை அறுக்கலாம். சத்தம் அண்ணன் வீட்டுக்குக் கேட்கும். அதுவும் போக, அது எங்கள் அண்ணன் பூட்டு. எப்படி அறுப்பது?

கொஞ்ச நேரத்துக்கு முன் துளசிமணி பக்கத்தில் வந்து நின்றாள். பொங்கலுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"மூக்குக்குள்ள பை வெச்சிருந்தேன். ரெண்டு சேலையும் கட்டுச்சோறும். எடுத்திருப்பாளா?"

"எடுத்திருப்பா" என்றேன்.

"நீங்க பாத்தீங்கதான, அன்னிக்கு?"

"நான் பாக்குல" என்றேன். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய்க் கல்யாணத்துக்கு எடுத்த புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைத்தாள். நான் இன்னும் கட்டவில்லை. அண்ணன் பேச்சைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை நான். காலே வரமாட்டேன் என்கிறது. இப்படித்தான் ஒரு தடவை, பவானி ஆற்றில் ஒரு ஆள் பரிசலில் ஏறிவிட்டு நடு ஆற்றில் வந்ததும் திரும்பிப் போகலாம் என்று அடம் பிடித்தான், பரிசல்காரன் என்ன சொன்னான் தெரியுமா, அவன்

துளசிமணி கூப்பிடுகிறாள், "ஏனுங்க, அந்த எழுத்த வெச்சுட்டு வெரசா வாங்க! செவுத்து மேல பாதி ஏறிட்டேன், ஏணி ஆடுது, வந்து புடி